நோட்டு யார் கையில்?

பத்துப் பேர் சேர்ந்து ஒரு காட்சியை உருவாக்கினால், நாடகம் மேடையேறி நாலு பேர் பாராட்டிய பிறகு அந்தக் காட்சிக்குப் பதினோரு பேர் சொந்தம் கொண்டாடுவார்கள். பாராட்டு வரவில்லை என்றால் சொந்தக்காரரே இருக்க மாட்டார். இயக்குநர் மட்டும் தனியாக நிற்பார். நாடகத்தில் கொஞ்ச காலம் உழன்ற எவருக்கும் இது தெரியும். இதில் விசேஷம், யாரும் பொய் சொல்வதில்லை. ஒத்திகையில் ஒருவர் பாதியில் விட்ட பேச்சை இன்னொருவர் கையசைவாக மாற்றுவார், மூன்றாமவர் அதற்குத் தாளம் போடுவார். மூவருக்குமே அது தன்னிடமிருந்து பிறந்ததாகத்தான் நினைவில் தங்கும்.

இந்தச் சண்டைகளைக் குறைக்கத்தான் எங்கள் குழுவில் ஒத்திகை நோட்டு என்று ஒன்று வந்தது. எனக்கு நடிப்பு வராது, பாட்டு சுத்தமாக வராது, கையெழுத்து மட்டும் சுமாராக இருக்கும். ஆகவே நோட்டு என் தலையில் விழுந்தது.

நாடகம் ஒரு ஏரியைப் பற்றியது. ஒரு பக்கம் செய்யாறு வட்டாரத்துத் தெருக்கூத்து ஜமா, அதாவது குழு, ஒன்று: வாத்தியார், அவருடைய மகன், ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை என்ற சின்ன ஊதுகுழல். இன்னொரு பக்கம் சென்னையில் நாடகப் பட்டறைகளில் பயின்ற நடிகர்கள், ஓர் ஓவியர், விளக்குப் போடும் இரண்டு பேர், எல்லாரையும் மேய்க்க ஒரு இயக்குநர் அம்மா. மடை திறந்து பாசனத்துக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டிதான் எங்கள் கட்டியங்காரன், அதாவது கூத்தில் கதையை நடத்திக்கொண்டே சிரிக்கவைப்பவன். ஏரி சுருங்கச் சுருங்க அவனுக்கு வேலை இல்லாமல் போகிறது. கடைசியில் தண்ணீர் லாரியில் கிளீனராகச் சேர்கிறான். மொத்தம் ஒன்றரை மணி நேரம் என்று முதல் நாள் சொன்னதும் வாத்தியார் சிரித்துவிட்டார். "களரி கட்டவே அது சரியாப் போயிடுமே தம்பி." களரி என்பது ஆட்டத்துக்கு முன்னால் வாத்தியங்கள் முழங்குவது.

அவர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி விடிய விடிய கூத்து, முடிவில் துரியோதனன் விழும் படுகளம், தீமிதி என்று நாள் கணக்கில் ஆடிப் பழகியவர்கள் அவர்கள். சிறு வயதில் பாடம் கேட்டு, பின்பாட்டுப் பாடி, சின்ன வேஷம் கட்டி, அப்புறம்தான் பெரிய வேஷத்துக்கு வருகிறார்கள். ஆட்டத்தின் நடுவே ஒருவர் வசனத்தை இழுத்தால் எதிரே நிற்பவர் அதை அங்கேயே பிடித்துக்கொள்வார். யாரும் எதையும் குறித்துவைக்க வேண்டியதில்லை. பட்டறை நடிகர்கள் வேறு வகை. ஒரே காட்சியை ஏழெட்டு விதமாகச் செய்து பார்ப்பார்கள், ஆறு விதத்தைத் தூக்கிப் போடுவார்கள், மறுநாள் எதைத் தூக்கிப் போட்டோம் என்பதையே மறந்திருப்பார்கள். இந்த இரண்டு பழக்கமும் ஒரே கொட்டகைக்குள் மோதிக்கொண்டதால்தான் நோட்டு தேவைப்பட்டது.

தார்ப்பாய் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். கூத்தில் பெரிய வேஷம் எதுவும் சும்மா நடந்து வராது. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பாத்திரம் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடும். கிரீடத்தின் உச்சி மட்டும் மேலே தெரியும், சலங்கை கேட்கும். கூட்டத்தைக் கொஞ்சம் தவிக்கவிட்ட பிறகுதான் திரை விலகும். எங்கள் நாடகத்தில் ஏரியே ஒரு பாத்திரம். அதற்குத் திரை வருகை வேண்டாம் என்றார் இயக்குநர். ஏரி காலங்காலமாக அங்கேயேதான் கிடக்கிறது, அது எங்கிருந்து வர வேண்டும் என்பது அவர் கேள்வி. வாத்தியார் அசையவில்லை. "திரை இல்லாம வந்தா அது வேஷம் இல்லம்மா, வெறும் ஆளு" என்றார். என்னைக் கேட்டால் இரண்டு பேர் சொன்னதும் சரி. அதனால்தான் வாக்குவாதம் முடியவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் மழை. கொட்டகை ஒழுகியது. விளக்கு உதவியாளராக வந்திருந்த பையன் ஆர்மோனியம் நனையாமலிருக்க ஒரு நீலத் தார்ப்பாயை இழுத்துப் பிடித்தான். மறுமுனையை மிருதங்கக்காரர் பிடித்தார். ஏரியாக நடிக்கும் பெண் ஒழுகாத இடம் தேடி அதற்குப் பின்னால் போய் நின்றார். முகவீணைக்காரர் என்ன நினைத்தாரோ, வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவுதான், சிக்கல் தீர்ந்தது. திரையும் அதுவே, தண்ணீரும் அதுவே. பார்த்தவர்கள் எல்லாரும் நாடகத்தில் முதலில் பேசியது அந்தத் தார்ப்பாயைப் பற்றித்தான்.

பேசப் பேச அதற்கு அப்பன்மார்கள் பெருகினார்கள். நவீனப் பொருளை மரபுக்குள் கொண்டுவரும் தன் யோசனை அது என்றார் இயக்குநர். அந்த நீலத்தைத் தான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவந்ததாக ஓவியர் நம்பினார். திரையை விடக் கூடாது என்று தான் பிடித்த பிடிதான் காரணம் என்றார் வாத்தியார். நோட்டில் இருந்தது இது: "மழை. ஆர்மோனியத்துக்கு மேல் தார்ப்பாய், லைட் தம்பி ஒரு பக்கம், மிருதங்கம் ஒரு பக்கம். பின்னால் ஏரி. முகவீணை தானாகத் தொடங்கியது. யாரும் எதுவும் சொல்லவில்லை." இதை எல்லார் முன்னாலும் வாசித்ததும் சிரிப்பு வந்தது, கொஞ்சம் அசடும் வழிந்தது. அடுத்த நோட்டீஸில் அந்தத் தம்பியின் பெயர் ஏறியது. பெயர் போட்டால் பேட்டாவும் ஏறுமா என்று அவன் கேட்டான். நியாயமான கேள்வி, பேட்டாவும் ஏறியது.

அதற்குப் பிறகு நோட்டில் எதை எழுதுவது என்பது எனக்கு ஓரளவு பிடிபட்டது. ஒத்திகை "அருமையாகப் போனது" என்று எழுதுவதில் ஒரு பயனும் இல்லை. எதைக் கைவிட்டோம், ஏன் கைவிட்டோம் என்பதற்குத்தான் மதிப்பு. ஆழ்துளைக் கிணறு போடும் இயந்திரத்தின் சத்தத்தை ஒரு காட்சியில் வைக்கலாமென்று ஒருவர் சொன்னார். முகவீணை அமுங்கிப்போகிறது என்று விட்டுவிட்டோம். கொஞ்ச நாள் கழித்து அதே யோசனை இன்னொருவர் வாயிலிருந்து புத்தம் புதிதாக வந்தது. நோட்டைத் திறந்தோம். காரணம் எழுதியிருந்தது. ஆனால் அதற்குள் முகவீணைக்காரர் மேடையின் முன்பக்கம் வந்துவிட்டிருந்தார், அந்தக் காரணம் செத்துப்போயிருந்தது. சத்தத்தை வைத்துக்கொண்டோம். வெறுமனே "வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அதையே சட்டமாக்கித் தொங்கிக்கொண்டிருப்போம்.

ஒத்திகையைப் பதிவுசெய்வதை ஒரு வெறியாகவே செய்தவர்கள் பெர்லினில் இருந்தார்கள். நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட்டும் அவர் மனைவியான நடிகை ஹெலன வைகலும் 1949இல் தொடங்கிய பெர்லினர் ஆன்ஸாம்பிள் குழுவில், ஒத்திகையில் நடந்ததை எழுதிவைப்பது உதவி இயக்குநர்களின் அன்றாட வேலை. அதற்கு முந்தைய வருடமே, ஸ்விட்சர்லாந்தின் கூர் நகரில் பிரெக்ட் 'ஆன்டிகொனி'யை மேடையேற்றியபோது அவருடைய கூட்டாளி ரூத் பெர்லாவ் அதைப் படம் பிடித்துத் தள்ளினார். அழகுக்காக எடுத்தவை அல்ல அந்தப் படங்கள். யார் யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார், எந்த வசனத்தில் யார் முதுகைத் திருப்புகிறார் என்று பார்ப்பதற்கானவை. குறிப்புகளோடு சேர்த்து அவை 1949இல் 'மாதிரிப் புத்தகம்' ஆக வெளிவந்தன. இதை வைத்துக்கொண்டு அடுத்தவர்கள் அச்சடித்த மாதிரி ஆடவேண்டுமா என்று எதிர்ப்பு கிளம்பியது. பிரெக்ட்டின் நிலைப்பாடு வேறு: முதலில் இதிலிருந்து தொடங்கு, அப்புறம் மாற்று, எதை மாற்றுகிறாய் என்று உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

கூட்டு வேலையை இத்தனை கவனமாகப் பதிவுசெய்த அதே பிரெக்ட்டின் கூட்டாளிகள் கதை அவ்வளவு சுத்தமில்லை. 1928இல் பெரும் வெற்றி பெற்ற அவருடைய 'மூன்று காசு ஆப்பெரா'வுக்கு மூலம், 200 வருடத்துக்கு முந்தைய ஜான் கேயின் ஆங்கில நாடகம். அதை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர் பிரெக்ட்டின் உதவியாளர் எலிசபெத் ஹவுப்ட்மன். வருமானப் பங்கு எழுதப்பட்டபோது பிரெக்ட்டுக்கு 62.5 சதவீதம், இசையமைத்த கூர்ட் வைலுக்கு 25, ஹவுப்ட்மனுக்கு 12.5. நாடகத்தில் எவ்வளவு ஹவுப்ட்மனுடைய கை என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எந்தக் கை எந்த வரியை எழுதியது என்று அன்றைக்கே ஒருவர் குறித்திருந்தால் இந்தச் சண்டையில் பாதி இருக்காது. ஆனால் குறிக்க உட்காருபவர் பெரும்பாலும் பெரிய மனிதரின் உதவியாளராகத்தான் இருப்பார். அவர் சொந்தப் பங்கைத் தானே எப்படி எழுதுவார்?

நான் சொல்ல வருவதே இதுதான். கூட்டு வேலையில் பேனா பிடிப்பவர் கையில் சத்தமில்லாமல் அதிகாரம் சேர்ந்துவிடும். ஒத்திகைக் குறிப்புகளை நான் தேடித் தேடிப் படிப்பேன். நம் ஊரில் மரபுக் கலைஞரும் நவீன நாடகக்காரரும் சேர்ந்த வேலைகளின் குறிப்புகளில் வினைச்சொற்களை மட்டும் பாருங்கள். இயக்குநர் 'தீர்மானித்தார்', நடிகர் 'கண்டடைந்தார்', கூத்துக்காரர் 'செய்து காட்டினார்'. முப்பது வருட அனுபவத்தில் ஒரு பாட்டை இடத்துக்கேற்ப மாற்றிப் பாடியவர் எதையோ சும்மா எடுத்துக் காட்டியவராகிவிடுகிறார். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. அவருடைய பள்ளிக்கூடம் அப்படி.

சட்டமும் பேனாப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தேதான் இருக்கிறது. 1957ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டம் நாடகப் படைப்புக்குத் தரும் விளக்கத்தில் ஆட்டமும் நடிப்பும் வருகின்றன; ஆனால் அந்த அமைப்பு எழுத்திலோ வேறு வகையிலோ நிலைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். 1994 திருத்தத்தில் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை வந்தது, 2012இல் அது இன்னும் பலப்பட்டது. நல்லதுதான். என்றாலும் நிகழ்த்துகிறவரின் உரிமை வேறு, ஆசிரியர் உரிமை வேறு. ராத்திரி முழுக்க அந்த நேரத்தில் முளைக்கும் வசனத்தால் கூட்டத்தைக் கட்டிப்போடும் கட்டியங்காரனுக்கு இரண்டாவதில் என்ன கிடைக்கும்? அதை எவனோ எழுதிவைத்தால், எழுதியவன் பெயர் முன்னால் வந்து நிற்கும். என் நோட்டைப் புதிதாக ஒருவர் எடுத்துப் பார்த்தால் நாடகத்துக்கே நான்தான் ஆசிரியன் என்று நினைக்க இடமுண்டு. பாட்டு வராத நான்!

வாத்தியாரிடமும் நோட்டு இருக்கிறது. நீளமான பழைய கணக்கு நோட்டுகள், துணி ஒட்டிய முதுகு, மஞ்சள் பையில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்திருப்பார். விருத்தம், தரு என்ற பாட்டு வகைகள், வசனம் என்று கூத்துகள் முழுசாக இருக்கும், அவர் அப்பா கையெழுத்திலும் அவர் கையெழுத்திலும். எல்லாருக்கும் காட்டமாட்டார். ஒரு சமயம் யாரோ வந்து ஆராய்ச்சி என்று பதிவுசெய்து போன பாட்டு, பின்னால் யார் பெயரும் இல்லாமல் யூடியூபில் வந்ததாகச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "பாட்டு பரவாயில்ல தம்பி, போனா போவுது. எங்கப்பா பேரையாச்சும் போட்டிருக்கலாம்." எங்கள் நாடகத்துக்காக அவர் பாடிய ஒரு பாட்டை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மேடையில் பாடுவார், மகனுக்குச் சொல்லித்தருவார், நோட்டில் ஏற்றக் கூடாது. அந்த நாளின் பக்கத்தில் "வாத்தியார் ஏரிக்கரைப் பாட்டுப் பாடினார், எழுத வேண்டாம் என்றார்" என்று மட்டும் இருக்கிறது. இயக்குநருக்கு இதில் வருத்தம்தான். எனக்கில்லை. எதைப் பதிவுசெய்யக் கூடாது என்று சொல்லும் உரிமை இல்லாத இடத்தில், பதிவுக்குக் கொடுத்த சம்மதத்துக்கு என்ன அர்த்தம்?

எதற்கு இத்தனை பாடு, போனை ஸ்டாண்டில் வைத்துவிட்டால் எல்லாம் தானாகப் பதிவாகுமே என்பார்கள். வைத்தும் பார்த்தோம். பட்டறை நடிகர்கள் போனைப் பார்த்து நடித்தார்கள், வாத்தியார் அரைக் குரலில் பாடினார். மெமரி கார்டு நிரம்பியது, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பதிவின் அளவு கூடினால் அதைப் பார்க்க ஆள் இருக்காது என்பதற்குப் பெரிய உதாரணம் பீட்டில்ஸ் என்ற ஆங்கில இசைக்குழு. 1969 ஜனவரியில் அவர்கள் பாட்டுக் கட்டியதை அறுபது மணி நேரம் அளவுக்குப் படமாகவும் நூற்றைம்பது மணி நேரத்துக்கு மேல் ஒலியாகவும் எடுத்தார்கள். சினிமா இயக்குநர் பீட்டர் ஜாக்சன் உட்கார்ந்து கோத்து 2021இல் வெளியிடும்வரை அதில் பெரும்பகுதி பெட்டியில்தான் கிடந்தது. எங்களுக்கு எந்தப் பீட்டர் ஜாக்சன் வருவார்? அதே பதிவில் இன்னொன்றும் உண்டு. குழுவில் ஒருவரான ஜார்ஜ் ஹாரிசன் கோபித்துக்கொண்டு போன பிறகு, மற்ற இருவர் லெனனும் மெக்கார்ட்னியும் கேண்டீனில் தனியாகப் பேசியதைப் பூந்தொட்டியில் மைக்கை ஒளித்துவைத்துப் பதிவு செய்துவிட்டார்கள். கேட்டால் அவ்வளவு சுவாரசியம், நானே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ஆனால் எங்கள் கொட்டகையில் எவனாவது அப்படிச் செய்தால் மறுநாளிலிருந்து அந்த ஜமா வராது.

கடைசியில் பேனாவைச் சுற்றில் விட்டோம். ஒரு நாளைக்கு ஒருவர். மறுநாள் ஒத்திகை தொடங்கும் முன், டீ வந்ததும், முந்தைய நாள் பக்கத்தைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம், அதையும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது. எதிர்ப்பக்கத்தை இதற்கென்றே காலியாக விட்டோம். வாசிப்பது முக்கியம். முகவீணைக்காரருக்கு எழுத்து அவ்வளவாகப் பழக்கமில்லை, தன் முறை வந்தால் போனில் பேசிப் பதிவுசெய்வார், யாராவது அப்படியே எழுதுவோம். வாத்தியாருக்குத் தேதி நினைவிருக்காது. "அந்த விருத்தத்த ரெண்டாம் தரம் எடுத்தனே, அன்னிக்கு" என்பார். நோட்டிலும் அப்படியே ஏறும்.

என் பார்வையில் இந்தச் சுற்று நோட்டு பழைய நோட்டைவிட மோசமாக இருக்கிறது, உபயோகமாகவும் இருக்கிறது. மிருதங்கக்காரர் எழுதிய பக்கங்களில் சொற்கட்டு, அதாவது தாளச் சொற்கள், மட்டும்தான். நடுவில் எங்காவது "இங்க மூச்சு" என்று இருக்கும். ஓவியர் எழுதவே மாட்டார், படம் போட்டுவைப்பார். ஏரியாக நடித்த பெண்ணின் பக்கங்களைப் படித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. மரத்தாலான புஜக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு கிறிக்கி சுழலும்போது தோளில் எங்கே அழுத்துகிறது, எந்தச் சுற்றில் கண் இருட்டுகிறது என்று எழுதியிருந்தார். நான் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் அது வந்திருக்காது, உட்கார்ந்து பார்க்கிறவனுக்குத் தோள் வலிக்காதே. அதைக் கேட்ட வாத்தியார் மகன், கட்டைக்கு உள்பக்கம் துணி வைத்துத் தைக்கும் விதத்தைக் காட்டினார். 'காட்டினார்' என்று வாசித்ததும் அவரே "சொல்லிக் குடுத்தார்னு போடுங்க" என்றார். எதிர்ப்பக்கத்தில் போட்டோம்.

பெயர் போடுவதில் எனக்குப் பிடித்த முன்னுதாரணம் ஒன்று நம் பக்கத்து ஊர் சம்பந்தப்பட்டதுதான். பாரிஸை ஒட்டிய கார்ட்டூஷ்ரியில், பழைய வெடிமருந்துத் தொழிற்சாலையில் இயங்கும் தெயாத்ர் டு சொலேல் குழு, ஆரியான் முனூஷ்கின் தலைமையில் 1964இலிருந்து இருக்கிறது. எல்லாருக்கும் ஒரே சம்பளம் என்பது அவர்கள் வழக்கம். பாரிஸில் 2015 நவம்பரில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, 2016 தொடக்கத்தில் அவர்கள் புதுச்சேரிக்கு வந்து தங்கி வேலை செய்தார்கள். அதிலிருந்து பிறந்த 'இந்தியாவில் ஓர் அறை' நாடகத்தில் பிரெஞ்சுக் குழுவின் நடிகர்கள் கிரீடம் கட்டி, பாரதக் கூத்துக் காட்சிகளைத் தமிழிலேயே பாடி ஆடினார்கள். அவர்களுக்குப் பாடம் சொன்னவர் கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரான். 2017 டிசம்பரில் நாடகம் நியூயார்க் வரை போனது. குழுவின் கூட்டுப் படைப்பு என்று அறிவித்த அதே இடத்தில், பங்களித்தவர் வரிசையில் சம்பந்தத் தம்பிரானின் பெயரும் இருந்தது. அரங்கத்தில் உட்கார்ந்திருந்த எத்தனை பேருக்குப் புரிசை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்? பெயர் இருந்தால் தேடிக்கொள்ளலாம்.

எங்கள் ஏரி நாடகத்துக்கு இப்போது ஒரு கலைவிழாவிலிருந்து அழைப்பு வந்திருக்கிறது. நாற்பது நிமிடத்துக்குள் வேண்டுமாம். எதை வெட்டுவது என்பதில் பழைய சண்டை புது வேஷம் கட்டி வந்திருக்கிறது. களரியைச் சுருக்கலாம், தார்ப்பாய் வருகைப் பாட்டில் இரண்டு அடியைக் குறைக்கலாம் என்கிறார் இயக்குநர். லாரி காட்சியில் பேச்சு ஜாஸ்தி, கத்திரியை அங்கே வையுங்கள் என்கிறார் வாத்தியார். பாட்டைத் தொட்டாலும் ஜமாவின் சம்பளத்தைத் தொடக் கூடாது என்று மகன் முன்கூட்டியே சொல்லிவிட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். லாரி காட்சியின் நீளத்தைப் பற்றி மூன்று பேர் மூன்று நாளில் எதிர்ப்பக்கத்தில் குறைப்பட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் இயக்குநரே. இதை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வாசிக்கத்தான் போகிறோம். அதனால் தீர்ந்துவிடுமா என்றால், சம்பளப் பேச்சுக்கு நோட்டில் ஒரு பக்கமும் இல்லை, அதைத் தனியாக ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். தாளுக்கும் எழுதுவதற்கும் மிருதங்கக்காரர் பொறுப்பு. அன்றைக்கு அவர் முறை.